தலைப்பிரசவத்துக்குத் தீட்டிய சுவர்

ஹற்றன்
12-2-1959

அன்பு மகள் செரீபாவுக்கு அத்தா ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே பனியும் இருமலும் போக நானும் உன் அம்மாவும் சுகம். லாகூரில் நீயும் மாப்பிள்ளை பைஸரும், உன் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறோம்.

மூடி வைத்துப் பேச எனக்கு வராது, கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ பிரசவத்துக்கு இங்கே வர விசா இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கொழும்பில் விசா கொடுக்கிற கந்தோரில் காலையிலிருந்து காத்திருந்து கேட்டேன், எங்களுக்கே பிரஜாவுரிமை இல்லையாம், எங்களை நம்பி உன்னை எப்படி உள்ளே விடுவதாம். அப்படியானால் நாங்கள் லாகூர் போகிறோம் ஐயா என்றேன், தாராளமாகப் போங்க, ஆனா திரும்பி வர முடியாது என்றார் அங்கிருந்த அதிகாரி, தேநீரை ஆற்றிக்கொண்டே. பிறந்ததிலிருந்து இந்த மலையில் கிடக்கிறவன் நான், உன் அம்மாவின் தாய் தகப்பன் இரண்டு பேரும் இந்த மண்ணில்தான் அடங்கியிருக்கிறார்கள். என்ன சொல்வது மகளே, கோபம் கூட வரவில்லை, சரிங்க என்று தலையாட்டிவிட்டு ரயிலேறி வந்தேன். முதல் பிள்ளையைத் தாய்வீட்டில் பெற வைக்க முடியாத தகப்பன் என்ன தகப்பன் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால் உன் அறை தயாராகிவிட்டது. உன் வீட்டுப் பக்கத்து வஸீர்கான் பள்ளிவாசலைப் பற்றி நீ எழுதியிருந்தாயே, அதை உன் அம்மா என்னைத் திரும்பத் திரும்பப் படிக்க வைத்துவிட்டாள். ஷாஜஹான் காலத்துச் செங்கல் கட்டடம், மூலைக்கொன்றாக நாலு மினாரா, வெளியே மஞ்சளும் நீலமுமாக மினுங்குகிற ஓட்டில் பூவேலை, உள்ளே சுண்ணாம்புச் சுவரில் பூச்சாடியும் பழத்தட்டும் கூம்பு கூம்பாக நெட்டை மரங்களும், ஒரு சாண் இடம் கூட வெறுமையாக விடவில்லை என்று எழுதினாய். அந்த ஊரில் எங்களுக்குத் தெரிந்த இடம் அது ஒன்றுதான். மகள் பார்க்கிறதைப் பேரப்பிள்ளையும் கண் திறந்ததும் பார்க்கட்டும் என்று அம்மா பிடிவாதம் பிடிக்க, தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு வர்ணம் அடிக்கிற சோலைமலையைக் கூட்டி வந்தேன். உன் கடிதத்தைக் கேட்டுக்கேட்டு நன்றாகத்தான் தீட்டினார். நெட்டை மரம் என்றதும் அவர் பார்த்தது தேயிலைக்கு நிழலுக்கு நிற்கிற சவுக்கு மரம், அதையே வரிசையாக நிறுத்திவிட்டார். அது போகட்டும், மரத்துக்கு மரம் ஒரு ஜோடிக் கிளி! தொழுகிற வீட்டில் உயிருள்ளதை வரையலாமா என்று நான் குதித்தேன். மரம்னா கிளி வேணாமா பாய், சும்மா நின்னா பாவமா இருக்குமேங்க என்கிறார் மனுஷன். பிறகு எல்லாக் கிளியையும் இலையாக மாற்றினார். ஜன்னலோரத்து ஒன்றை மட்டும் உன் அம்மா அழிக்க விடவில்லை, முகத்தை மாத்திரம் ஓர் இலையால் மூடச் சொன்னாள். அது பிள்ளைக்காம்.

விசா கிடையாது என்று சொன்ன அன்று அவள் அழவில்லை. பாயை எடுத்துக்கொண்டு போய் அந்த அறையில் படுத்தாள், இன்னும் அங்கேதான் படுக்கிறாள்.

வலி எடுத்தால் தனியாக இருக்காதே, மாடிவீட்டுப் பஞ்சாபி அம்மாவிடம் இப்போதே சொல்லி வை. பாஷை தெரியாவிட்டால் என்ன, வலி எல்லாருக்கும் தெரியும். பள்ளிவாசல் முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியோரம் வழுக்கும், அங்கே நடக்காதே. உளுந்தும் வெந்தயமும் பார்சலில் போட்டிருக்கிறோம், எப்போது வந்து சேருமோ தெரியாது. பிள்ளையின் காதில் முதலில் விழ வேண்டியது பாங்குதான், அதைச் சொல்ல மாப்பிள்ளை வெட்கப்பட்டு வேறு யாரையும் தேட வேண்டாம், அவரே சொல்லட்டும். பிறந்ததும் தந்தி அடிக்க மறக்க வேண்டாம்.

அல்லாஹ் உன்னையும் பிள்ளையையும் இரு உயிராகப் பிரித்துப் பத்திரமாகத் தருவான். தந்தி வந்ததும் நான் அந்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னலோரத்தில் தீட்டிய மரத்துக்குக் கிட்டே குனிந்து, பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகப் பாங்கு சொல்வேன். அங்கே கேட்காது என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு
உன் அத்தா
மு. இப்றாஹிம்