குமிழி அளந்தவர்கள்

மார்ச் 4
ஆய்வகத்துக் கண்ணாடித் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. சோப்புக் குமிழி எப்படிச் சுருங்குகிறது என்று மூன்று ஆண்டுகளாக அளந்துகொண்டிருக்கிறேன். இன்றைக்கும் அவை ஒத்துழைக்கவில்லை.

மதியம் தம்பி போன் செய்தான். லாரி ஓட்டுகிறவன். எங்காவது டீ குடிக்க நிறுத்தினால் என்னைக் கலாய்த்தாக வேண்டும் அவனுக்கு. "என்னக்கா, இன்னிக்கு எத்தனை குமிழி உடைச்ச? நம்ம வீட்டுல பாத்திரம் தேய்க்க வாயேன், நிறைய கிடைக்கும்." சிரித்தேன். போனை வைத்த பிறகு முகத்தில் அந்தச் சிரிப்பு தங்கவில்லை.

மார்ச் 9
நான் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்தது, நாற்பது வருடத்துக்கு முந்தைய கட்டுரை ஒன்றில் அப்படியே இருக்கிறது. வரைபடம்கூட அச்சு அசல். அழுகை வராத குறை. பக்கத்து மேசைத் தோழி, "அப்ப நீ சரியாத்தான்டி அளந்திருக்கே. அவங்க விட்ட இடத்துலேருந்து போயேன்" என்கிறாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள்.

மார்ச் 10
வேலையை விட்டுவிடலாமா?

மார்ச் 17
தம்பி மனைவிக்கு வலி கண்டுவிட்டது. ஏழு மாதம்தானே ஆகிறது! ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறேன்.

மார்ச் 18
பெண் குழந்தை. உள்ளங்கையில் அடங்கிவிடும் போல. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்கூடு உள்ளே குழிகிறது, உதடெல்லாம் நீலம். வாய் ஓயாத தம்பி வராந்தாச் சுவரைப் பார்த்தபடி நிற்கிறான். "அக்கா, ஏதாவது பண்ணுக்கா. நீயும் டாக்டர்தானே."

நான் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிய டாக்டர், மருத்துவர் இல்லை என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். வேறு யாரிடம் போய்க் கேட்பான், பாவம்.

குழந்தை மருத்துவர் வெளியே வந்தார். "நுரையீரல்ல குட்டிக் குட்டிக் காத்துப் பைங்க இருக்கு. மூச்சு விடறப்ப அதெல்லாம் சுருங்கி ஒட்டிக்காம இருக்க உள்ளே ஒரு வழவழப்பான பூச்சு வேணும். குறைமாசத்துல அது போதுமான அளவு சுரக்காது. மருந்தா குழாய் வழியா விடப்போறோம்."

"பரப்பு இழுவிசை" என்றேன், என்னையறியாமல். என் குமிழிகளைச் சுருக்குவதும் அதுதான்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க என்ன பண்றீங்க?"

"சோப்புக் குமிழி..." சொல்லவே கூச்சமாக இருந்தது.

"அட! குமிழியை உக்காந்து அளந்தவங்க இல்லேன்னா இந்த மருந்தே வந்திருக்காதுங்க" என்றபடி உள்ளே ஓடினார்.

மார்ச் 19
உதட்டில் சிவப்பு தெரிகிறது. தெரிகிறது!

மார்ச் 23
நூலகத்தில் பின்னோக்கிப் படித்துக்கொண்டே போனேன். இந்த மருந்தைச் செய்தவர்கள். அவர்களுக்கு முன், குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் என்ன குறைகிறது என்று கண்டவர்கள். அவர்களுக்கும் முன், நுரையீரலிலிருந்து வரும் நுரை ஏன் சீக்கிரம் உடைவதில்லை என்று பார்த்தவர்கள் — அவர்கள் நச்சு வாயுவைப் பற்றி ஆராய்ந்தவர்களாம், பச்சைக் குழந்தை யார் நினைப்பிலும் இல்லை. இன்னும் பின்னால் போனால், துளி ஏன் உருண்டையாக இருக்கிறது என்று சும்மா கணக்குப் போட்டவர்கள்.

நுரையீரல். சொல்லிலேயே நுரை இருக்கிறது. இத்தனை நாள் என் கண்ணில் படவில்லையே!

யாருக்கென்று நன்றி சொல்வது? முக்கால்வாசிப் பேர் இப்போது உயிரோடு இல்லை. இருந்தாலும் சொன்னேன், வாய்க்குள்ளேயே. எதிரே பேப்பர் படித்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும்.

ஏப்ரல் 12
குழாயை எடுத்துவிட்டார்கள். தம்பி மனைவி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, "அண்ணி, அழறா பாருங்க!" என்று தானும் அழுகிறாள். என்ன குரல்! அடுத்த தெருவுக்கே கேட்கும்.

தம்பி மெதுவாகப் பக்கத்தில் வந்தான். "அந்தக் குமிழி ஆளுங்களுக்கெல்லாம் என் சார்பா ஒரு கும்பிடு போட்டுடுக்கா."

ஏப்ரல் 20
அந்தப் பழைய கட்டுரையை மறுபடி எடுத்தேன். கடைசிப் பக்கத்தில், தங்களால் அளக்க முடியாமல் போனவற்றைச் சொல்லியிருக்கிறார்கள். அன்று எரிச்சலில் அந்தப் பக்கம்வரை படிக்கவே இல்லை. இன்று அங்கிருந்து ஆரம்பித்தேன்.

மே 6
முன்பின் தெரியாத ஒரு பெண், பக்கத்து மேசைத் தோழியிடம் எண் வாங்கிப் போன் செய்தாள். நுரைக்குள் முட்டையிடும் தவளைகளை ஆராய்கிறாளாம். என் அளவுகள் கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். மூன்று வருடத்து அளவுகளையும் அனுப்பிவிட்டேன், சரியாக வராதவற்றையும் சேர்த்து. அப்படி ஒரு தவளை இருப்பதே எனக்குத் தெரியாது. படம் ஒன்று அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.