ஆத்தாவின் எடையும் மண்டிக் கழிவும்

8 ஜூலை 1963, திங்கள்
காலையிலேயே புழுக்கம். ஆத்தாவுடன் ஆலங்குடி ஆஸ்பத்திரி. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும், ரொம்பத் தள்ளிப்போட்டால் ஆபத்து. ஆனால் இந்த உடம்புக்கு மயக்க மருந்து கொடுக்க டாக்டருக்குப் பயம். ஐந்து கிலோ குறைத்து வரச் சொன்னார். அங்கே குழந்தைத் தராசுதான் உண்டு. கடலை மண்டியில் நிறுத்துச் சீட்டு வாங்கி வரவேண்டுமாம்.

“நான் என்ன மூட்டையா? அங்கிட்டு ஆம்பளைங்கல்ல நிப்பாங்க.”

கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போனோம். எடை போடும் கருப்பையா அண்ணன் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு நிறுத்தார். சீட்டில் 84. வெளியே சொன்னால் கண் படும் என்றாள் ஆத்தா.

10 ஜூலை, புதன்
ஆத்தாவுக்கு: காலை, கேழ்வரகுக் கூழ். மதியம், ஒரு கரண்டி சோறு, கீரை, மோர். நிறுத்தம்: நெய், முறுக்கு, கருப்பட்டிக் காபி.

நான் பாடம் எடுக்கும் பள்ளியில் பிள்ளைகளை எடை போட்டோம். எடை ஏற்றுவதற்கு மதிய உணவு, பால்பவுடர், படிவம், எல்லாம் உண்டு. இறக்குவதற்குச் சர்க்காரிடம் ஒன்றுமில்லை. நூலகத்திலும் தேடினேன். எல்லாப் புத்தகமும் உடம்பு தேறுவதைப் பற்றியே. தவறும் இல்லை, பசிதானே இங்கே பெரிது. ஆனாலும் ஆத்தா?

2 ஆக., வெள்ளி
பக்கத்து வீட்டு அக்கா: “ஏன் இப்படி வாடிட்டீங்க, மக சோறு போடலையா?” சுருக்கென்றது. ஆத்தாவோ சேலையில் இரண்டு கொசுவம் கூடுகிறது என்று காட்டிக்கொண்டிருந்தாள்.

24 ஆக., சனி
மண்டி. இன்று வேறு ஆள். 82. மறுபடி ஏற்றினாலும் 82. ஏழு வாரத்துக்கு இரண்டே கிலோ. இரவு வலி வேறு.

26 ஆக., திங்கள்
தூறல். பள்ளி விட்டதும் தனியாக மண்டிக்கு. கருப்பையா அண்ணனிடம் பழைய சீட்டை நீட்டினேன். நோட்டைப் புரட்டினார். முகம் மாறியது.

“கடலை மூட்டைக்குக் கழிக்கிற கைப்பழக்கத்துல கழிச்சுப்புட்டேன் டீச்சர். சாக்குக்கு ஒண்ணு, ஈரத்துக்கு ரெண்டு.”

நோட்டில் 87. கழிவு 3. சனிக்கிழமை ஆள் கழிக்கவே இல்லை. அப்படியானால் ஆத்தா குறைத்தது ஐந்து கிலோ! அங்கேயே சிரித்துவிட்டேன்.

“ஆத்தாட்ட சொல்லிறாதீங்க, வைவாங்க.”

சொன்னேன். “எனக்கு ஏதுடி ஈரம்?” வைதுகொண்டே அழுதாள். நானும்.

28 ஆக., புதன்
டாக்டர் கணக்கை ஒப்புக்கொண்டார். அடுத்த புதன் ஆபரேஷன். வாங்க வேண்டியது: ஃபிளாஸ்க், சோப்பு.

4 செப்., புதன்
முடிந்தது. நல்லபடியாக. கண் விழித்ததும் ஆத்தா பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். “அந்தம்மா என்னையவிடப் பெருத்துல்ல இருக்கு. கூழு, கீரையின்னு பக்குவமா எடுத்துச் சொல்லணும்.” நாக்கு இன்னும் குழறுகிறது. சொல்லட்டும்.