அது அழுக்கு இல்லையடி

அன்புள்ள வாயாடிக்கு,

நானும் வீட்டுக்காரரும் நலம். உன் அம்மாவின் முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்ததை அம்மாவே சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் கூப்பிடும்போதெல்லாம் அவர்தான் போனை எடுக்கிறார். "அவ வேலையா இருக்காம்மா" என்கிறார். அப்படி என்னடி வேலை? கடிதத்தையாவது நீயே பிரிப்பாய் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ சொன்னதுதான் சரி.

அன்றைய ஆய்வகக் கூட்டத்தில் நீ காட்டிய நுண்ணோக்கிப் படத்தைப் பார்த்துவிட்டு, எல்லோர் முன்னாலும் சார், "இந்தப் பெரிய செல்லெல்லாம் வெளியே இருந்து ஒட்டின அழுக்கும்மா, கையைக் கழுவிட்டு வேலை பாரு" என்றார். நீ அங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு வீட்டுக்கே போய்விட்டாய். வாயாடி என்று பெயரெடுத்தவள் வாயே திறக்காமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உன் வேலை என் தலையில் விழுந்தது. இலை தின்னும் புழுவைக் கொல்லும் நம் பாக்டீரியா, அவ்வளவு பெரிய நச்சுப் புரதத்தை எந்த வழியாக வெளியே தள்ளுகிறது? எல்லாச் செல்லும் சுவரில் உள்ள ஒரு வாசல் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடுகிறது என்பது சாரின் கட்சி. அந்த வாசலைத் தேடித் தேடி என் கண் பூத்துப் போனது.

கடைசியில், நச்சு இருக்கும் இடம் பச்சையாக ஒளிரும்படி செய்து பார்த்தேன். சின்னச் செல்கள் அத்தனையும் இருட்டு. அங்கொன்றும் இங்கொன்றுமாக, உன்னுடைய அந்த உப்பிய 'அழுக்கு' மட்டும் விளக்குப் போட்ட மாதிரி எரிந்தது! மரபணுவையும் சோதித்தேன். வேற்று ஆள் இல்லை, நம் பாக்டீரியாவேதான்.

சாரைக் கூப்பிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார். அவர் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, புழுவின் குடலில் இருப்பது போன்ற காரத் திரவத்தை ஒரு சொட்டு விட்டேன். உப்பிய செல்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. உள்ளே இருந்த நச்சு மொத்தமும் வெளியே பரவியது. பக்கத்துச் சின்னச் செல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாசலும் இல்லை, கசிவும் இல்லை. சிலது உடைந்து கொட்டுகிறது, அவ்வளவுதான்.

"இன்னொரு தடவை காட்டு" என்றார். காட்டினேன். அடுத்த தடவை அவரே செய்தார். கையை நன்றாகக் கழுவிக்கொண்டுதான்!

நிமிர்ந்ததும், "அந்தப் பொண்ணுக்கு போன் போடும்மா" என்றார். நீ எடுப்பதில்லை என்றேன். மனுஷர் விருட்டென்று எழுந்து போய்விட்டார். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவருக்கு ஏது? சாயங்காலம் பார்த்தால், உன் மேசைமேல் நாங்கள் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளைத் தாமே இறக்கிக்கொண்டிருந்தார். "கட்டுரையில அவ பேருதான் முதல்ல" என்றார், என்னைப் பார்க்காமலேயே.

இங்கே சோதனைக்கு வளர்க்கும் புழுக்களுக்கு இலை போடுவதும் நான்தான். "எனக்குக்கூட நீ இப்படிப் பரிமாறினதில்ல" என்று வீட்டுக்காரர் அலுத்துக்கொள்கிறார்.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. எல்லாம் ஒரே வம்சம், ஒரே சாப்பாடு. அதில் இது உப்பட்டும், இது சும்மா இருக்கட்டும் என்று எது முடிவு செய்கிறது? சாருக்கும் தெரியவில்லை. கேட்டதும் உனக்குள் ஏதோ ஓடத் தொடங்கியிருக்கும், எனக்குத் தெரியும். அதைப் போனில் சொல்லாதே. நேரில் வந்து, கூட்டத்தில், சத்தமாகச் சொல்.

உன் வரவுக்காக,
பக்கத்து மேசைக்காரி