பிளஸ் அமுக்கினால் குறையும்

அண்ணி,

நேற்று காரின் ஸ்டீரியோவைக் கழற்றி வெளியே எடுத்தேன். பின்னால் இரண்டு ஒயர்கள் சேரும் இடத்தில் நீங்கள் சுற்றிய பச்சை இன்சுலேஷன் டேப் அப்படியே இறுக்கமாக இருந்தது. நீங்கள் எங்களை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது. டேப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

பேட்டரி மாற்றியதிலிருந்து, பாட்டைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டியரிங் பட்டன்கள் வேலை செய்யவில்லை. ஒயர் விட்டிருக்கும் என்று நினைத்துத்தான் பிரித்தேன். ஒயர் மேல் குற்றமில்லை. பேட்டரியைக் கழற்றியதில் ஸ்டீரியோ செட் எல்லாவற்றையும் மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

புதுசாக மாட்டியபோதும் இதே பாடுதானே. விழுப்புரத்துக் கடைக்காரர், "இந்த வண்டிக்கு ஸ்டியரிங் பட்டன் வராது மேடம்" என்று கைகழுவிவிட்டார். நாத்தனார் நீங்களும் உங்கள் தம்பி பெண்டாட்டி நானும் தினமும் ஒரே காரில் திண்டிவனத்துக்கு வேலைக்குப் போவதையே அதிசயமாகப் பார்த்த தெரு, அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுக் கிடந்ததையும் பார்த்தது. "ரெண்டு ஒயர சேக்காமயே உட்டுட்டு, வராது வராதுன்னு சொல்லிக்கினு இருக்கான்" என்றீர்கள். சேர்த்தீர்கள். பிறகு எந்தப் பட்டன் எதற்கு என்று செட்டுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். நான் ஸ்டியரிங்கில் ஒவ்வொரு பட்டனாக அமுக்கிப் பிடித்தேன், நீங்கள் திரையில் அதற்கான வேலையைத் தொட்டீர்கள்.

மறுநாளிலிருந்து பிளஸ் அமுக்கினால் சத்தம் குறைந்தது, மைனஸ் அமுக்கினால் கூடியது. நான் இரண்டு கடை ஏறி இறங்கினேன். "ஒயரு மாறியிருக்கும்" என்று ஒன்றும் தெரியாதவர் போல நீங்களும் கூடவே வந்தீர்கள். ஒரு மாதம் கழித்து, விக்கிரவாண்டி டோலில், சிரிப்பை அடக்க முடியாமல் ஒத்துக்கொண்டீர்கள்.

"நான் வாயத் தொறந்தாலே நீ சத்தத்த ஏத்துற. அதான் மாத்தி வெச்சேன்."

உண்மைதான், ஏற்றத்தான் செய்தேன். சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும், ஆனால் அதற்குள் உங்கள் கதைகள் எனக்குப் பிடித்துவிட்டிருந்தன. கட்டைவிரலும் பழகிவிட்டது. டோல் தாண்டியதும் "இதக் கேளேன்" என்பீர்கள். நான் பிளஸ்ஸை அமுக்கி அமுக்கிப் பாட்டை அடக்கிவிட்டு, "கேக்குது அண்ணி, சொல்லுங்க" என்பேன். மல்லாட்டைக் கடலை வேகும் நேரத்தில் முடிய வேண்டிய கதை திண்டிவனம் வரை வரும்.

நேற்று தனியாக உட்கார்ந்து செட்டுக்குக் கற்றுக்கொடுத்தேன். நீங்கள் வைத்தபடியே வைப்பதா என்று வெகுநேரம் யோசித்தேன். பக்கத்து சீட் காலி, யாருக்காகக் குறைப்பது? பிளஸ்ஸைப் பிளஸ்ஸாகவே வைத்தேன். வைத்துவிட்டு அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்று காலை டோல் தாண்டியதும் கட்டைவிரல் தானாகப் பிளஸ்ஸை அமுக்கியது, விடாமல் அமுக்கியது. பாட்டு காது கிழிய அலறியது. பக்கத்தில் வந்த பஸ் டிரைவர் எட்டிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சிரித்தேன்.

செட்டைத் திருத்திவிட்டேன் அண்ணி. விரலைத் திருத்துவதாக இல்லை.

பாட்டை நிறுத்தினேன். பக்கத்து சீட்டைப் பார்த்து, "கேக்குது அண்ணி, சொல்லுங்க" என்றேன்.