அறுபத்தெட்டிலேயே நிற்கும் மெஷின்

12.11.2025, புதன், காலை 6.10. உன் அம்மாவுக்கு மூன்று தடவை பிரஷர் பார்த்தேன். 168/102, 164/100, 166/100.

அன்பு மகள் அப்ரினுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளையும் தோஹாவில் நல்ல சுகத்தோடு இருக்க துஆ செய்கிறேன். இங்கே எல்லாரும் நலம் என்று எழுத முடியவில்லை. போனில் சொன்னால் அவள் காதில் விழும், மெசேஜ் போட்டால் என் போனை எடுத்துப் படிப்பாள், அதனால்தான் காகிதம். சேக் பரீத் மகன் நாளைக்கு அங்கே கிளம்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

உன் நிக்காஹ்வுக்காக அவள் எண்பத்தொன்றிலிருந்து அறுபத்தெட்டு கிலோவுக்கு இறங்கினாள் அல்லவா, அப்போது டாக்டரம்மா பிரஷர் மாத்திரையை நிறுத்தினார்கள். அதோடு விஷயம் முடிந்தது என்று நாம் மூன்று பேரும் நினைத்துக்கொண்டோம். நீ போன பிறகு எடை திரும்ப ஏறிவிட்டது. போன வெள்ளிக்கிழமை மயக்கம் வந்து உட்கார்ந்துவிட்டாள், உத்தமபாளையம் கூட்டிப் போனேன், அங்கே எடை மெஷின் 77.6 காட்டியது. வெறும் வயிற்றில் இன்சுலினும் பார்த்தார்கள். குண்டாக இருந்தபோது இருபத்தொன்று, இளைத்தபோது எட்டு, இப்போது பத்தொன்பது. “ஒடம்பு எளச்சதாலதான் ரெண்டும் இறங்குச்சு. ஏறுனா ரெண்டும் சேந்து ஏறும். இன்சுலின் கூடுனா கிட்னி உப்பப் புடிச்சு வச்சுக்கிரும், பிரஷர் ஏறத்தான் செய்யும்” என்று டாக்டரம்மா சொன்னாக. மாத்திரையை மறுபடி எழுதிக் கொடுத்தாக. ஐந்து நாளாகிறது, அட்டையில் ஒன்றுகூடக் குறையவில்லை.

ஏன் போடமாட்டேன் என்கிறாள் தெரியுமா? “இங்கன உள்ள எட மெஷினு சரியில்ல. எங்க வீட்டு மெஷினு எங்க வீட்டு ஆளு கை வச்சது, அது பொய் சொல்லாது. அறுபத்தெட்டுதான் காட்டுது. அறுபத்தெட்டுல மாத்திரை வேணாம்னு சொன்னவுக நீங்கதான” என்று டாக்டரம்மா முகத்துக்கு நேரே கேட்டாள். நான் மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்தேன்.

வீட்டு மெஷின் பொய் சொல்கிறது அப்ரின். சொல்ல வைத்தது நான். வெள்ளிக்கிழமை தவறாமல் வீடியோவில் அவளை மெஷினில் ஏறி நம்பரைக் காட்டச் சொல்வாய், உன் மாமியாரைக் கூப்பிட்டு எங்கம்மாவப் பாருங்க, எனக்கு அக்கா மாதிரி இருக்காக என்பாய். முதல் நாலு கிலோ ஏறியபோது அவள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை. மெஷினின் அளவைத் திருத்துகிற கேலிபரேஷனில் போய், எடையைக் குறைத்துக் காட்டும்படி மாற்றி வைத்தேன். அவள் ஏற ஏற நான் இறக்கினேன், மூன்று தடவை. சட்டை இறுக்கமானதற்குத் துணி சுருங்கிவிட்டது என்று நானே சொன்னேன். என் தராசு ரிப்பேர் கடைக்கு வந்து, தன் திராட்சைக் கடைத் தராசில் கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைத்து வைக்கச் சொன்ன ஹக்கீமை, போலே வெளிய என்று திட்டி அனுப்பியவன் நான்.

உன்மேல் பழி போடவில்லை. ஆனால் இனி அவளிடம் எடையைக் கேட்காதே. நீ அனுப்புகிற அந்த இளைக்கிற பவுடரும் வேண்டாம். சாப்பாடும் நடையும் மாத்திரையுமாக மெதுவாக இறங்கட்டும், இறங்கியது திரும்ப ஏறாமல் இருந்தால் போதும் என்றுதான் டாக்டரம்மாவும் சொன்னாக. வெள்ளிக்கிழமை போன் போடும்போது மாத்திரை போட்டியாம்மா என்று மட்டும் கேள். நேரத்துக்குச் சாப்பிடு. உனக்கும் இருபத்தொரு வயது ஆகிவிட்டது, அங்கே ஒரு தடவை பிரஷர் பார்த்து எழுது. அல்லாஹ் உங்கள் இருவரையும் நோய் நொடியில்லாமல் வைத்திருப்பானாக.

உன் அத்தா,
ராஜா முகம்மது, கம்பம்.

இன்றைக்கு நான் செய்யப்போவது:

1. கடையிலிருந்து அரசு முத்திரை போட்ட இருபது கிலோ எடைக்கல்லைக் கொண்டுவந்து, அவள் பார்க்க வீட்டு மெஷினில் வைப்பேன். பதினேழரை காட்டும்.

2. அவள் என்னைப் பார்ப்பாள். நான்தான் செய்தேன் என்று சொல்வேன். காரணம் சொல்லமாட்டேன்.

3. அவள் முன்னாலேயே மெஷினைச் சரிசெய்வேன். ஏறச் சொல்லமாட்டேன்.

4. மாத்திரையும் தண்ணீரும் கொடுப்பேன். தட்டிவிட்டால் வேறொன்று எடுப்பேன்.

5. அவள் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாலும், நாளைக்குக் காலை ஆறு மணிக்குத் திரும்பவும் மாத்திரையோடு அவள் முன்னால் நிற்பேன்.