எதிர்வாதியின் சீட்டு ஜோடி

1973 பிப்ரவரி 6, செவ்வாய்

இன்றும் வாய்தா. தாசில்தார் நெல் கொள்முதல் விஷயமாகப் போய்விட்டாராம். இது மூன்றாவது. என் வீட்டுக்காரர் ஆசீர்வாதம் இறந்த பிறகு, அவர் பெயரில் இருந்த ஆறு மா நிலத்தின் குத்தகையை என் பெயரில் பதியச் சொல்லி மனு கொடுத்தேன். நிலத்துக்காரர் இராஜாங்கம் ஐயா பதில் எழுதிக் கொடுத்திருக்கிறார்: "அருள்மேரி என்ற பெண்ணை நான் பார்த்ததே இல்லை. அவள் சாகுபடி செய்தவளும் இல்லை." பதினோரு வருடம் அந்த வயலில் நட்டிருக்கிறேன். பார்த்ததே இல்லையாமே!

பிப்ரவரி 20

வாய்தா. தாலுகா ஆபீஸ் வராண்டாவில் ஐயா, அவருடைய காரியஸ்தர் வேம்பு, பியூன் ஜெக்கரியா மூவரும் சீட்டுக்கட்டோடு உட்கார்ந்து, எந்த ஆட்டம் என்று ஒரு மணி நேரம் சண்டை. வேம்புவுக்கு ரம்மி. ஜெக்கரியாவுக்குக் கழுதை. ஐயாவுக்கு இருபத்தெட்டைத் தவிர எல்லாமே சின்னப் பிள்ளை ஆட்டம். ஆனால் அதற்கு நாலு பேர் வேண்டும்.

"யாருக்காச்சும் இருபத்தெட்டு தெரியுமா?" என்று கத்தினார்.

"எனக்குத் தெரியுங்க."

ஏன் வாயைத் திறந்தேன்? வெள்ளத்தில் ஒன்பது நாள் கோயில் பள்ளிக்கூடத்தில் அடைந்து கிடந்தபோது ஆசீர்வாதம் சொல்லிக்கொடுத்த ஆட்டம்.

ஜோடி சேரச் சீட்டு இழுத்தோம். நான் ஐயாவுக்கு ஜோடி. ஜெயித்தோம்.

மார்ச் 6

வாய்தா. ஜெயித்தோம்.

மார்ச் 27

வாய்தா. கவிழ்த்து வைத்த துருப்பைச் சீக்கிரம் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டேன் என்று ஐயா திட்டினார். "கையில பெரிய சீட்டு, ஜாக்கியும் ஒம்போதும் இருந்துச்சுங்க" என்றேன். யோசித்தார். "சரியாத்தான் ஆடியிருக்கே" என்று தன் வடையில் பாதியைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். நெலத்தைப் புடுங்க வந்த மனுஷன். அவரு சிரிச்சா எனக்கு ஏன் சந்தோஷம் வருது? புத்தி பேதலிச்சுப் போச்சா?

ஏப்ரல் 10

தாசில்தார் வந்துவிட்டார்! நாலு பேருக்கும் முகம் செத்துப்போயிற்று. பாதி ஆட்டத்தில் கூப்பிட்டார்கள். சீட்டைக் கீழே வைத்தால் மற்றவர் பார்ப்பார்கள் என்று கையிலேயே பிடித்துக்கொண்டு உள்ளே போனோம்.

"இந்தம்மாவைத் தெரியுமா?" என்றார் தாசில்தார்.

"பார்த்ததே இல்லை" என்று சொல்லிவிட்டு ஐயா என் பக்கம் திரும்பினார். "மேரி, சீட்டை மூடிப் பிடி! பின்னால வேம்பு பார்க்கிறான்!"

தாசில்தார் பேனாவைக் கீழே வைத்தார். "பார்த்ததே இல்லைன்னீங்க?"

ஐயா தன் சீட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். "முகத்தைப் பார்த்ததில்லைங்கறேன். நடவுல குனிஞ்சுக்கிட்டேதானே நிப்பா, வருஷா வருஷம்!"

தாசில்தார் பேனாவை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

மே 8

உத்தரவு வந்தது. என் பெயர் பதிவாகிவிட்டது. ஐயா அப்பீல் போக முப்பது நாள் இருக்கிறது. 

ஜூன் 8

முப்பத்தோராவது நாள். அப்பீல் இல்லை!

வேம்பு வயலுக்கே வந்து சொன்னார். அப்பீலில் அந்தம்மாவோடு சீட்டே ஆடவில்லை என்று சத்தியம் பண்ணினால் போதும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாக ஐயாவின் வக்கீல் சொன்னாராம். ஐயாவுக்கு வந்த கோபத்தில் வெற்றிலைத் தட்டு பறந்ததாம்.

"'மூணு வாய்தா, ஒரு தோல்வி கிடையாது. அதை ஆடவே இல்லைன்னு சொல்லச் சொல்றியாய்யா?'ன்னு வக்கீலை வெளிய அனுப்பிட்டாரும்மா."

வேம்பு போன பிறகு வயலில் இறங்கினேன். நாற்றங்கால் பாதி வெட்டாமல் கிடந்தது. மண்வெட்டியை எடுத்தேன்.