கணக்கில் ஏறாத முதல் வண்டி

மார்ச் 4, வியாழன்

காலையிலேயே வெயில். பிசான நெல் அறுவடை மும்முரம். ஆலை வாசலில் இருந்து பிள்ளையார் கோவில் வரை நெல் வண்டிகள். மாடியில் மின்விசிறியைப் போட்டால் தாள் பறக்கிறது, நிறுத்தினால் நாங்கள் வேகிறோம்.

இன்றும் அதே கூத்து. கீழே எடை அறையில் ஆவுடையப்பன் அண்ணாச்சி ஒவ்வொரு வண்டியையும் கம்ப்யூட்டரில், லோட்டஸில், கட்டம் கட்டமாக, ஏற்றுகிறார். வரிசை எண், பெயர், ஊர், ரகம், எடை. மறுநாள் காலையில் அதன் அச்சு மாடிக்கு வரும். நானும் பிலோமியும் அதைப் பார்த்துப் பார்த்து, அதையே இன்னொரு கம்ப்யூட்டரில், பாக்ஸ்புரோவில், மறுபடி அடிக்க வேண்டும். விவசாயிக்குப் போகும் சீட்டு இதிலிருந்துதான் வரும். ஒரு பெட்டியில் இருப்பதை இன்னொரு பெட்டிக்கு மாற்ற இரண்டு பட்டதாரிகள். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

நானே ஒரு புரோகிராம் எழுதினால் என்ன? அண்ணாச்சியின் கணக்கைப் பிளாப்பியில் வாங்கி வந்து சொருகினால் தானாக ஏறிவிடும்.

வாங்க: பிரிண்டர் ரிப்பன், தலைவலித் தைலம், அம்மாவுக்குப் பச்சை நூல்.

மார்ச் 8, திங்கள்

புரோகிராம் ஓடிவிட்டது! தலைப்பு வரி, வெற்று வரியெல்லாம் சேர்ந்து ஏறிக்கொண்டு பாடாய்ப் படுத்தியது. கடைசியில் ஒரு விதி போட்டேன்: வரிசை எண் இடத்தில் எண் இருந்தால் அது வண்டி, எண் இல்லாவிட்டால் தலைப்பு, தூக்கிப் போடு. அதற்கப்புறம் கடகடவென்று ஏறியது. பிலோமி கைதட்டினாள்.

"ஏட்டி வடிவு, இனிமே வெளிச்சத்தோட வீட்டுக்குப் போலாம்லா."

முதலாளி மேலே வந்து பார்த்தார். "இவ்வளவுதானா? நாளெல்லாம் இதத்தான் செஞ்சிக்கிட்டு இருந்தீயளா?" என்றார். பாராட்டா, திட்டா தெரியவில்லை. எனக்கு டீ வரவழைத்தார். பெருமையாகத்தான் இருக்கிறது.

மார்ச் 11, வியாழன்

அந்த டீயின் அர்த்தம் இன்று தெரிந்தது.

"ரெண்டு பேரு வேலயப் பெட்டியே செய்யுது. மாசக் கடைசியோட பிலோமி நின்னுக்கிடட்டும். நீயே பைய சொல்லிரும்மா, உன் சிநேகிதிதான?"

நானே சொல்ல வேண்டுமாம். சொன்னேன். பிலோமி அழவில்லை. "சரிட்டி" என்றாள். போய்ச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள். மணப்பாட்டில் அவள் அப்பா கடலுக்குப் போவதை நிறுத்தியாயிற்று. தம்பிகள் படிப்பது இவள் சம்பளத்தில். எல்லாம் தெரிந்துதான் அந்தப் புரோகிராமை எழுதினேன். இல்லை, எழுதும்போது எதையுமே யோசிக்கவில்லை. அவள் சோற்றில் மண்ணள்ளிப் போட்டது நான்தான்.

மார்ச் 15, திங்கள்

கோபாலசமுத்திரத்துப் பெரியவர் ஒருவர் மாடிப்படியில் நின்று சத்தம். "வெள்ளன வந்து மொத வண்டியா நின்னவன் தாயி நான். பின்னால வந்தவனுக்கெல்லாம் சீட்டு வந்துட்டு. என் நெல்ல மட்டும் காக்கா தூக்கிட்டுப் போயிட்டா?"

தேடினேன். பாக்ஸ்புரோவில் அவர் இல்லை. லோட்டஸில் முதல் வரியில் இருக்கிறார். மற்ற நாட்களையும் பார்த்தேன். புரோகிராம் ஓட ஆரம்பித்ததிலிருந்து ஒரு நாளும் முதல் வண்டி ஏறவில்லை.

காரணம்: அண்ணாச்சி முதல் வரியில் 1 என்று போடுவதில்லை. ஆங்கில எழுத்தில் 'லாபம்' என்று அடிக்கிறார். கேட்டதற்கு என் மேலேயே கோபம். "பின்ன, நெல்லுக் கணக்க ஒண்ணுன்னா ஆரம்பிப்பாவ? லாபம், ரெண்டு, மூணு. ஊரு ஒலகத்துல அப்படித்தானம்மா."

உண்மைதான். களத்தில் நெல் அளப்பதைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். கையால் அடித்த காலத்தில் நானும் பிலோமியும் லாபம் என்று படித்து, யோசிக்காமலே 1 என்று அடித்திருக்கிறோம். பெட்டிக்கு லாபம் ஓர் எண் இல்லை. தலைப்பு என்று தூக்கிப் போட்டுவிட்டது.

சரிசெய்ய இரண்டே வரி போதும். மனதுக்குள் எழுதியும் ஆயிற்று. கை வைக்கவில்லை. பெட்டியை நம்ப முடியாது என்றால் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் அல்லவா?

மார்ச் 16, செவ்வாய்

விட்டுப்போன வண்டிகளைக் கையால் ஏற்றினேன். பெரியவருக்குச் சீட்டு கொடுத்தாயிற்று. பிறகு முதலாளியிடம் போனேன்.

"சரி பண்ண முடியாதா?"

"முடியாது முதலாளி. இன்னைக்கு மொத வண்டி, நாளைக்கு வேற ஒண்ணு போவும். தெனமும் ஒரு ஆளு உக்காந்து தாளோட ஒப்பிட்டுப் பாக்கணும். பிலோமி இருக்கட்டும்."

வாய் கூசாமல் பொய். அவர் காது குடைந்துகொண்டே "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றார். பிலோமியிடம் இன்னும் சொல்லவில்லை. முடிவானதும் சொல்லலாம்.

தையல்கடையில் ரவிக்கை வாங்க மறந்துவிட்டேன்.

மார்ச் 18, வியாழன்

இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"வடிவு சொன்னது சரிதான். ஒரு ஆளு ஒப்பிட்டுப் பாக்கணும். அதுக்குப் பிலோமி போதும், சம்பளமும் கம்மி. புரோகிராம்தான் எழுதி முடிச்சாச்சுல்லா. நீ கெட்டிக்காரப் பிள்ள, எங்கன போனாலும் பொழச்சுக்கிடுவ. போறதுக்கு முன்ன இவளுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்துரும்மா."

பிலோமி தரையைப் பார்த்தபடி நின்றாள். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை எனக்காகச் சொல்லவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன் என்பது தெரியும். தெரிந்தும் வயிறு எரிகிறது.

வீட்டில் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "நல்லதாப் போச்சு. பாளையங்கோட்டைக்காரங்களுக்குச் சரின்னு சொல்லிருதேன்." வேலை இருக்கிறது, வேலை இருக்கிறது என்றுதான் இத்தனை நாள் அந்த மாப்பிள்ளையைத் தள்ளிப்போட்டேன். இனி எதைச் சொல்ல?

மார்ச் 30, செவ்வாய்

அனல். மின்சாரம் போய்ப் போய் வந்தது. பிலோமிக்குச் சொல்லிக்கொடுத்தாயிற்று. பிளாப்பி சொருகுவது, ஓட்டுவது, நின்றுபோனால் என்ன செய்வது. கருப்பட்டி கொண்டுவந்திருந்தாள், ஊரில் இருந்து. வேண்டாம் என்றேன்.

மத்தியானம் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டாள். "ஏட்டி, அந்த லாபம் விசயம். நெசமாவே சரி பண்ண முடியாதா?"

என் கை கீபோர்டு மேல்தான் இருந்தது. இரண்டு வரி. அடித்தால் நாளைக்கே இவளும் வேண்டாம், முதலாளிக்கு யாருமே வேண்டாம். அடிக்கத் தோன்றியது. நன்றாகவே தோன்றியது. இவளும் என்னோடு வெளியே நிற்கட்டும் என்று.

"முடியாதுட்டி" என்றேன். "தெனமும் மொத வண்டிய நீயே கையால ஏத்து. யாரு கேட்டாலும் முடியாதுன்னே சொல்லு."